ரஹீம் பாய் முட்டிக்குள் ஊசி

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே என் சீனியரை நான் ஏமாற்றினேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட இது மேல்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்பக்கத் தெருவில் முப்பது கட்டில் கொண்ட நர்ஸிங் ஹோம் ஒன்று. அதன் மாடிப்படிக்கு அடியில்தான் எங்கள் லேப். இரண்டு பேர் நிற்கலாம், மூன்றாவது ஆள் உள்ளே வந்தால் ஒருவர் வெளியே போகவேண்டும். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வருவேன். டெக்னீஷியன் டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்த வேலை. இன்று லேபில் மிஷினுக்குள் டியூபைச் செருகிவிட்டு டீ குடிக்கப் போகிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அன்று மிஷின் கிடையாது. கண்தான் மிஷின்.

1. ஆகாசம், வயது நாற்பது

என் சீனியர் பாலு சார் மயிலாப்பூர்க்காரர். நல்ல மனுஷர், சினிமாப் பைத்தியம். வேலையில் அவருக்கு அபார வேகம். அந்த வேகம்தான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

டி.சி. என்று ஒரு டெஸ்ட். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் தேய்த்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் நூறு வெள்ளை அணுக்களைப் பார்த்து எந்த ரகம் எத்தனை என்று எண்ணவேண்டும். பாலி என்பது அதிகமாக இருக்கும் ரகம். உடம்பில் எங்கே கலவரம் என்றாலும் முதலில் ஓடுவது அதுதான். அடுத்தது லிம்போ. அப்புறம் அலர்ஜி வந்தால் கூடுகிற ஈசினோ. ஒழுங்காக எண்ணினால் எனக்கு ஸ்லைடுக்கு ஐந்து நிமிஷம் ஆகும். பாலு சாருக்கு முப்பது விநாடி.

நான் ஒரு சுத்தமான ஸ்லைடை எடுத்தேன். ரத்தம் வைக்கவில்லை. வெறும் சாயத்தை மட்டும் ஊற்றிக் கழுவிக் காயவைத்து, 'ஆகாசம், 40, ஆண்' என்று ஒட்டி அவர் தட்டில் வைத்துவிட்டேன்.

அவர் குனிந்தார், நிமிர்ந்தார், எழுதினார். "பாலி அறுபத்திரண்டு, லிம்போ முப்பத்திரண்டு, ஈசினோ ஆறு. இந்த ஆகாசத்துக்கு லேசா அலர்ஜி இருக்கும்போல."

"சார், அதுல ரத்தமே இல்ல" என்றேன்.

மறுபடி குனிந்து பார்த்தார். இந்த முறை நிஜமாகவே பார்த்தார். காது சிவந்துபோனது. "டாக்டரம்மாகிட்ட சொல்லப்போறியா?"

"இல்ல சார். ஆனா இனிமே ரெண்டு பேரும் எண்ணுவோம்."

அன்றிலிருந்து அவர் எண்ணினார். அதைச் சொல்லியே ஆகவேண்டும். என்னைவிட நன்றாக எண்ணினார். கோபம் மட்டும் ஒரு மாசம் போகவில்லை. மைக்ராஸ்கோப் பல்பு ஃபியூஸ் ஆனாலும் "ஆகாசம் வந்துட்டுப் போனாரா?" என்று கேட்பார்.

2. ஊர் ஜாக்கெட்டெல்லாம் ஒரு முட்டியில்

இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்னால், மத்தியானம், ரஹீம் பாயை ஆட்டோவிலிருந்து நாலு பேர் தூக்கிவந்தார்கள். அவர் பாண்டி பஜாரில் லேடீஸ் டைலர். வலது முட்டி பலாப்பழம் மாதிரி வீங்கி, சிவந்து, தொட்டால் கொதித்தது. மேலே கிடந்த போர்வை உரசினால்கூட அலறினார்.

வார்டு முழுக்க நிசப்தம். அந்த நிசப்தத்துக்கு இரக்கம் மட்டும் காரணமில்லை. எங்கள் நர்ஸிங் ஹோமில் பெண்ணாகப் பிறந்த அத்தனை பேரின் தீபாவளி ஜாக்கெட்டும் பாய் கடையில் கிடந்தது. ஹெட் நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் தங்கை கல்யாணத்துக்கு எட்டு ஜாக்கெட் கொடுத்திருந்தார். சர்ஜன் சேதுராமன் வீட்டம்மாவுக்கு ஆறு. எனக்கு ஒன்று.

"பாய், எப்போலேருந்து?" என்று கேட்டார் சிஸ்டர்.

"நேத்து காலையிலேருந்து சிஸ்டர். நல்லாத்தான் மிசின் மெதிச்சிகினு இருந்தேன். திடீர்னு உள்ள நெருப்பு வெச்சாமாதிரி கீது. காலை வெட்டிருங்க, ஆனா தீவாளி முடிஞ்சப்புறம் வெட்டுங்க."

டாக்டர் சேதுராமன் வந்தார். கை சுத்தம், வாய் குறைவு, பொறுமை அறவே கிடையாது. முட்டியைப் பார்த்தார், காய்ச்சலைப் பார்த்தார், சிரிஞ்சைப் போட்டு உள்ளே இருந்த நீரை உறிஞ்சினார். மஞ்சளாக, கலங்கலாக, பழைய கஞ்சித் தண்ணீர் மாதிரி வந்தது.

"சீழ். செப்டிக் ஜாயிண்ட். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஓப்பன் பண்ணி வாஷ் குடுத்துடலாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. மூட்டுக்குள் கிருமி புகுந்தால் நாலைந்து நாளில் எலும்பு முனையையே அரித்துவிடும். ஆனால் கிருமி இல்லாமல் கத்தி வைத்தால் பாய் வாரக்கணக்கில் காலை மடக்க முடியாது. பெடல் மிதிக்கிறவருக்கு முட்டி விறைத்துப்போனால் அப்புறம் கடைக்கு ஷட்டர்தான்.

அந்தக் கலங்கல் நீர் ஒரு டியூபில் என்னிடம் வந்தது.

3. நான் சொன்னதும் அவர்கள் கேட்டதும்

எங்கள் லேபுக்குப் பொறுப்பாக இருந்த டாக்டரம்மா, பெத்தாலஜிஸ்ட், தன் மகள் பிரசவத்துக்காகப் பெங்களூர் போயிருந்தார். லேபில் பாலு சாரும் நானும்தான்.

முதல் காரியமாகக் கொஞ்சம் நீரைக் கல்ச்சருக்கு வைத்தோம். கிருமி இருந்தால் இரண்டு நாளில் தட்டில் வளர்ந்து காட்டும். அடுத்து அணுக்களை எண்ணவேண்டும். பாலு சார் பழக்கதோஷத்தில் ரத்தத்துக்குப் போடுகிற திரவத்தை எடுத்தார்.

"சார், அதுல ஆசிட் இருக்கு. முட்டி நீரு திரிஞ்சி தயிராயிடும். சலைன் போடுங்க."

"எனக்குத் தெரியாதா? நோக்குத் தெரியறதான்னு பார்த்தேன்" என்றார்.

ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, சாயம் எதுவும் போடாமல் பார்த்தேன். பாலி அணுக்கள் திருவிழாக் கூட்டம் மாதிரி. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, ஒவ்வொன்றின் வயிற்றிலும் இருந்த மெல்லிய ஊசி. இரண்டு முனையும் கூர். சில ஊசிகள் அணுவைவிட நீளமாக இருந்து, இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஊசியில் கோத்த பாசிமணி மாதிரி.

புத்தகத்தில் படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றுதான். ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடினால் அது யூரேட் என்கிற உப்பாக மூட்டில் ஊசி ஊசியாகப் படியும்; அந்த நோய்க்குக் கௌட் என்று பெயர். பாலி அணுக்களுக்கு அது குப்பை. குப்பையைக் கண்டால் விழுங்குவதுதான் அவற்றின் வேலை. மற்ற குப்பை என்றால் உள்ளே வைத்துக் கரைத்துவிடும். இந்த ஊசி கரையாது. உள்ளிருந்தே குத்திக் கிழிக்கும். அணு வெடித்துச் சாகும், அதன் அமிலமெல்லாம் வெளியே கொட்டும், ஊசி மறுபடி வெளியே வரும். அடுத்த அணு வந்து அதை விழுங்கும். ரத்தத்தில் ஒரு நாள்கூடத் தாங்காத அணு, வீக்கம் இருக்கிற இடத்துக்கு வந்துவிட்டால் சாவைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு இன்னும் சில நாள் உழைக்கும். இது நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. பாயின் வலி, சிவப்பு, சூடு எல்லாம் அந்த உழைப்பின் விளைவு.

கிருமிக்கான சாயம் போட்டு இன்னொரு ஸ்லைடு பார்த்தேன். கிருமி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ரிப்போர்ட் எழுதியிருக்கவேண்டும். எழுதாமல் வெளியே ஓடினேன். மாடிப்படியில் ஸ்டெல்லா சிஸ்டர் வந்துகொண்டிருந்தார்.

"சிஸ்டர், டைலரு முட்டிக்குள்ள இன்னா கீது தெரியுமா? ஊசி! ஆயிரக்கணக்குல ஊசி!"

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டேன். மிச்சத்தை ரிப்போர்ட்டில் படித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

முதல் மாடிக்குப் போனபோது அது 'பாய் முட்டிக்குள்ள ஊசி இருக்காம்' என்று ஆகியிருந்தது. இரண்டாவது மாடியில் 'மிஷின் ஊசி உடைஞ்சு முட்டியில ஏறிடுச்சாம்.' ஆயா மூலமாகச் சேதுராமன் சார் காதுக்குப் போனபோது, துருப்பிடித்த ஊசி. அவர் உடனே டெட்டனஸ் ஊசி போடச்சொல்லி, எக்ஸ்ரே எடுக்கச்சொல்லி, ஆப்பரேஷன் தியேட்டரில் இரும்புத் துண்டு எடுக்கிற சாமான்களையும் தயாராக வைக்கச் சொல்லிவிட்டார். கத்தி வைக்க இருந்த ஒரு காரணத்தை நான் இரண்டாக்கி வைத்திருந்தேன்.

பாய் மட்டும் கட்டிலில் படுத்தபடி வாதாடினாராம். "இன்னாம்மா சொல்றீங்க? நாப்பது வருசமா மிசின் மெதிக்கிறேன். ஊசி ஒடஞ்சா விரல்ல ஏறும். முட்டில எப்டி ஏறும்? நான் இன்னா முட்டியாலயா தைக்கிறேன்?"

4. மறந்துபோன கண்ணாடி

எக்ஸ்ரேயில் ஊசி இல்லை. சேதுராமன் சார் படம் காயும்முன்பே அதைப் பிடித்துக்கொண்டு லேப் வாசலில் வந்து நின்றார். அப்போது மணி இரண்டு.

"ஊசின்னு யாரு சொன்னது?"

பாலு சார் ரத்த டியூபைச் சுற்றுகிற சென்ட்ரிஃப்யூஜை மிகுந்த அக்கறையோடு துடைக்க ஆரம்பித்தார்.

"நான்தான் சார்" என்றேன். "இரும்பு ஊசி இல்ல சார். யூரேட் கிரிஸ்டல். பாலிக்குள்ள இருக்கு. கௌட்டுன்னு நினைக்கிறேன்."

"அதை அப்படியே சொல்லறதுக்கு என்ன? ஒரு ஆஸ்பத்திரியவே ஓட விட்டிருக்கே." மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். அவசரத்தில் ஃபோகஸைத் தள்ளிவிட்டார். "ஏதோ கோடு தெரியுது. லென்ஸ் கீறலா இருக்கும். இல்ல, ரத்தம் உறையாம இருக்க ஆக்சலேட் போட்ட பாட்டில்ல ஊத்தியிருப்பீங்க. அந்த உப்பும் இப்படித்தான் தெரியும்."

"ப்ளெயின் டியூப் சார். உப்பு எதுவும் போடல."

"போலரைசர் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப நிரூபிக்க முடியாது. நாலரைக்குக் கிளம்பறேன். அதுக்குள்ள காட்ட முடிஞ்சா காட்டு. இல்லன்னா காலைல எட்டு மணிக்குக் கத்தி."

போய்விட்டார். போலரைசர் என்பது ஒருவகை ஃபிலிம். விளக்குக்கு மேல் ஒன்று, கண் பக்கம் ஒன்று வைத்து ஒன்றைத் திருப்பினால், ஒரு கட்டத்தில் எல்லாம் இருண்டுவிடும். யூரேட் ஊசி மாதிரியான சில கிரிஸ்டல்கள் மட்டும் அந்த இருட்டில் பளிச்சென்று எரியும். பெரிய காலேஜ்களில் அதற்கென்றே தனி மைக்ராஸ்கோப் வைத்திருப்பார்கள். எங்களிடம் இருந்தது ஒற்றைக்கண் மைக்ராஸ்கோப்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பாலு சார் துடைப்பதை நிறுத்தினார்.

"மல்லிகா, ஒண்ணு சொன்னா யார்கிட்டயும் சொல்லமாட்டியே? ஆத்துல ஒரு கண்ணாடி இருக்கு. அந்தக் காலத்துல முப்பரிமாணப் படம் வந்துதே, தியேட்டர்ல குடுத்தாளே, அட்டைக் கண்ணாடி. அந்த ஃபிலிம் இதுதான்."

"அதை வாசல்ல திருப்பி வாங்கிப்பாங்களே சார்?"

"கூட்டத்துல மறந்துபோச்சு."

"ஒண்ணுதான் இருக்கா சார்?"

"மூணு இருக்கு" என்றார் குரலைத் தாழ்த்தி. "ஆத்துல எல்லாருக்குமே மறந்துபோச்சு."

மொபெட்டை எடுத்துக்கொண்டு மயிலாப்பூருக்குப் பறந்தார்.

அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு இன்னொரு கவலை. உடம்பைவிட்டு வெளியே எடுத்த வெள்ளை அணு டியூபில் ரொம்ப நேரம் தாங்காது. வீங்கும், ஊறிப் பிய்ந்துபோகும். அப்படிப் பிய்ந்தால் ஊசி தனியாகக் கிடக்கும். வெளியே கிடக்கிற ஊசிக்கு மதிப்பு குறைவு. அணு அதை விழுங்கியிருக்கிறது என்பதுதான் சாட்சி. பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு புது ஸ்லைடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் முழு அணுக்கள் குறைந்துகொண்டே வந்தன.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பாலு சார் வியர்த்து வழிய வந்தார். அட்டையை வெட்டி, ஒரு பக்கத்து ஃபிலிமை விளக்கின் மேல் வைத்தோம். மறுபக்கத்து ஃபிலிமை ஐ-பீஸ் மேல் வைத்து மெதுவாகத் திருப்பினேன். வெளிச்சம் குறைந்தது, இன்னும் குறைந்தது, கருத்துப்போனது. அந்தக் கருப்பில் வெள்ளை வெளேரென்று ஊசிகள். மங்கலாகத் தெரிந்த உருண்டை அணுக்களுக்குள்ளே ஒவ்வொன்றாக எரிந்துகொண்டிருந்தன.

"தள்ளு, தள்ளு" என்று பாலு சார் என்னை இடித்துவிட்டுக் குனிந்தார். "அடேயப்பா. படத்துலகூட இவ்வளவு நன்னா இல்லை."

சேதுராமன் சார் பையோடு வந்தார். பார்த்தார். இந்த முறை ஃபோகஸை மெதுவாகத் திருப்பினார். பையைக் கீழே வைத்தார்.

"இது எங்கேர்ந்து வந்துது?"

"பெர்சனல் சார்" என்றார் பாலு சார்.

5. இரண்டு நாள்

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து சொன்னார்: "கௌட் இருக்கு, ஒத்துக்கறேன். அதுக்காகக் கிருமி இல்லன்னு ஆயிடுமா? ரெண்டும் சேர்ந்தே வரும். சாயத்துல தெரியாத கிருமி கல்ச்சர்ல வளரும். நீ சொல்லி நான் நிறுத்தி, உள்ள கிருமி இருந்தா அந்த முட்டி போச்சு. தெரியுமில்ல?"

தெரியும். அதுவரை தெரியாத மாதிரி இருந்தேன், அவ்வளவுதான்.

அவர் ஒரு நடுவழி கண்டுபிடித்தார். கல்ச்சர் முடிவு வரும்வரை கத்தி இல்லை. கிருமிக்கு மருந்து, வீக்கத்துக்கு மாத்திரை, இரண்டும் போகட்டும். ஒவ்வொரு வேளையும் அவரே வந்து முட்டியைப் பார்ப்பார், மோசமானால் அந்த நிமிஷமே தியேட்டர். பாயிடம் துருவித் துருவி விசாரித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. தெருமுனை டாக்டர் பிரஷருக்குப் புதிதாக நீர் பிரிகிற மாத்திரை கொடுத்திருக்கிறார். அந்த மாத்திரை யூரிக் ஆசிடை ஏற்றிவிடும். அதை நிறுத்தினார்கள்.

அந்த இரண்டு நாளும் வேலை நேரமெல்லாம் இன்குபேட்டர் கதவைத் திறந்து கல்ச்சர் தட்டை எட்டிப்பார்த்தேன்.

"சும்மா சும்மா திறக்காதே. சூடு போயிடும்" என்றார் பாலு சார். ஆனால் நான் டீ வாங்கிவிட்டு வந்தபோது அவரே கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் காலை தட்டு சுத்தம். மூன்றாம் நாளும் சுத்தம். முட்டியில் சிவப்பு இறங்கியிருந்தது. பாய் போர்வையைத் தானே இழுத்துப் போர்த்திக்கொண்டார். இருந்தாலும் சேதுராமன் சார் மறுபடி கொஞ்சம் நீர் எடுத்தார். அவரே டியூபைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார்.

சாயம் போட்டுப் பார்த்தேன். பாலிகள் குறைந்துவிட்டன. புதிதாகப் பெரிய பெரிய அணுக்கள் வந்திருந்தன. மேக்ரோஃபேஜ். ஒவ்வொன்றின் வயிற்றிலும் செத்துச் சுருங்கிய பாலி, உருண்டையாக, கருத்துப்போய்.

"இது என்ன, செல்லுக்குள்ள செல்?" என்றார் அவர்.

"ஊசிய முழுங்கிச் செத்ததெல்லாம் அங்கேயே கிடந்து அழுகினா வீக்கம் வத்தாது சார். வெடிக்கிறதுக்கு முன்னாடியே முழுசா விழுங்கிட்டு, சண்டைய நிறுத்தச் சொல்லி இதுங்களே சிக்னலும் குடுக்கும். இதுங்க வந்துட்டா முடியற கட்டம்."

"கிருமி இருந்திருந்தா?"

"இன்னும் பாலிதான் சார் வந்துகிட்டே இருக்கும்."

அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தார். பிறகு தியேட்டருக்கு இன்டர்காமில் பேசினார். "டைலர் கேஸ் வேண்டாம். சாமானெல்லாம் உள்ள வெச்சுடுங்க."

நான் பாயிடம் விஷயத்தைச் சொல்ல ஓடினேன். இந்த முறை முழுசாகச் சொன்னேன். வெள்ளை அணு, ஊசி, பெரிய அணு எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இந்த வெள்ளைக்காரனுங்க என் முட்டில பூந்து, ஊசிய முழுங்கிச் செத்து, வேற வெள்ளைக்காரனுங்க வந்து அடக்கம் பண்ணிகினு கீறானுங்களா?"

"ஆமா பாய்."

"நல்லா இருக்கட்டும்" என்றார். "ஆனா என்னைய ஒரு வார்த்த கேட்டுட்டு முழுங்கியிருக்கலாம்."

ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனார். இடது காலால் பெடல் மிதித்து ஜாக்கெட்டுகளை முடித்தார். சர்ஜன் வீட்டம்மாவுக்குப் போன ஆறும் கச்சிதம் என்று கேள்வி. என்னுடையதில் கை அரை இஞ்ச் இறுக்கம். கேட்டதற்கு, "துருப்புடிச்ச ஊசி மேட்டருக்கு அது" என்றார். பிரித்துத் தைத்துக்கொடுக்கவும் மறுத்துவிட்டார்.

அடுத்த வாரம் நோட்டீஸ் போர்டில் ஒரு சர்க்குலர் ஒட்டினார்கள். லேப் ஊழியர்கள் ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்தாகும் முன்பு எந்த முடிவையும் யாரிடமும் வாயால் சொல்லக்கூடாது. பெயர் போடவில்லை. ஆனால் படித்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் கற்றுக்கொண்டது இரண்டு. பார்த்ததைப் பார்த்தபடி காகிதத்தில் எழுதிவிட்டுத்தான் விளையாட்டுப் பேச்சு. முன்னால் பேசினால் அது வேறு ஒருவர் உடம்பில் போய் முடியும். இரண்டாவது, சீழும் வீக்கமும் நோயேதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். பாதி நேரம் அது உள்ளே வேலை நடக்கிற அடையாளம். வேலை முடிகிற கட்டமா, கைமீறிப் போகிற கட்டமா என்று பார்த்துச் சொல்லத்தான் நம்மை உட்கார வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கையைக் கூட்டினால் நூறு வருவது மட்டும் பெரிதில்லை.

சில வருஷம் கழித்து அடையாறில் வேறு லேபுக்கு மாறிவிட்டேன். ஒருநாள் அங்கே போன் வந்தது. சேதுராமன் சார் குரல்.

"மல்லிகா, ஒரு முட்டி இருக்கு. நான் இன்னும் கத்தியைத் தொடல. நீ பார்த்துச் சொன்னப்புறம்தான் தொடுவேன். எப்ப அனுப்பட்டும்?"

"இப்பவே அனுப்புங்க சார்" என்றேன். "நான் காத்திருப்பேன். செல்லு காத்திருக்காது."